காவலியும் கைஷியும்: மின்காப்புறுப்பின் பெயர்கள் குறித்து ஒரு நோக்கு

கலைச்சொல் என்பது ஒரு பொருளுக்கு இடப்படும் வெற்றடையாளம் அன்று. எப்பொருளுக்கும் பல இயல்புகள் உண்டு. அவற்றுள் எதனைத் தலையாயதெனச் சொல்லாக்குவோர் கொண்டனரோ, அதுவே சொல்லின் வேராக அமைகின்றது. ஆகவே ஒரே பொருளுக்கு வெவ்வேறு மொழியினர் இட்ட பெயர்களை ஒருங்குவைத்து ஆராயின், சொல்லை மாத்திரமன்றிப் பொருளையும் தெளிவாக அறியலாம். இவ்வகையில், மின்கம்பங்களின் மேல் கம்பியைத் தாங்கிநிற்கும் பீங்கான் உறுப்புக்கு யப்பானியர் வழங்கும் பெயரையும், இலத்தீன் வழிவந்த பெயரையும், ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் பெயரையும் ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். மட்டக்களப்பு வாவியும் கடலும் இருபுறமும் சூழ்ந்த நிலப்பகுதியில் வாழ்வோர்க்கு இவ்வாராய்ச்சி சொல்லளவில் நின்றுவிடுவதன்று என்பது பின்னர்ப் புலனாகும்.

1. பொருளும் அதன் தொழிலும்

மின்னைச் சில பொருள்கள் கடத்தும், சில கடத்தா என்னும் வேறுபாட்டை 1729 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்பார் சோதனை வாயிலாகக் கண்டார். நீண்ட நூலொன்றின் வழியே மின்னைச் செலுத்த முயன்ற அவர், அந்நூலைப் பட்டிழைகளால் தாங்கியபோது மின் தொலைவு சென்றது. பட்டிழை அறுந்தபின் அதே நுண்மையுள்ள பித்தளைக் கம்பியால் தாங்கியபோது மின் போய்ச்சேரவில்லை. தாங்கிய கம்பியின் வழியே அது கழிந்துவிட்டது. தாங்குவதன் பருமன் அன்று, அது எப்பொருளாலாயது என்பதே முதன்மையானது என்று இதனாற் பெறப்பட்டது.

இச்சோதனையில் இரு செய்திகள் அடங்கியிருத்தலைக் கவனித்தல் வேண்டும். ஒன்று, பட்டு மின்னைக் கடத்தாத பொருள் என்பது. மற்றையது, அப்பட்டு அவ்விடத்திலே ஒரு தொழிலைச் செய்தது என்பது. அது நூலைத் தாங்கியது, தாங்கும்போதே மின்னை வெளியேறவிடாது தடுத்தது. முன்னையது பொருளின் இயல்பு. பின்னையது உறுப்பின் தொழில். இன்று மின்கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் பொருத்தப்பட்டுள்ள பீங்கான் உறுப்பும் இவ்விரண்டனையும் உடையது. கம்பியின் பாரத்தையும் காற்றின் விசையையும் அது தாங்குதல் வேண்டும். கம்பியிலுள்ள மின் இரும்புச் சட்டத்திற்குச் செல்லாதவாறும் காத்தல் வேண்டும். இவ்விரு செய்திகளையும் ஒரே சொல்லால் குறிப்பதா, வேறுவேறு சொற்களாற் குறிப்பதா என்பதே நம்முன் உள்ள வினா.

2. தீவு என்னும் உவமை

ஐரோப்பிய மொழிகள் பலவும் இவ்வுறுப்புக்கு வழங்கும் பெயர், தீவு என்று பொருள்படும் 'இன்சுலா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தார் 'இன்சுலேட்டர்' என்பர். பிரெஞ்சு, செருமன் முதலிய மொழிகளில் அதே வேர் இத்தாலியம் வழியாக 'இசோல்' என்னும் வடிவத்தில் வழங்குகின்றது. மின் ஏறிய பொருளைச் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்துத் தீவுபோல் ஆக்குவது என்பதே இப்பெயரின் கருத்து. நோயாளரைத் தனிமைப்படுத்துதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இவ்வேரினதே. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் தொழுநோய் மருத்துவமனை அமைந்ததை எண்ணுவார்க்கு, தீவுக்கும் தனிமைப்படுத்தலுக்கும் உள்ள தொடர்பு விளக்கமின்றியே விளங்கும்.

எனினும் வாவிக்கரையில் நின்று நோக்குவார்க்கு இவ்வுவமையில் ஒரு குறையும் தோன்றும். புளியந்தீவு நீராற் சூழப்பட்டு நிலத்தினின்று பிரிந்துள்ளது. ஆனால் சூழ்ந்துள்ள நீர் உவர்நீர். உவர்நீர் மின்னை நன்கு கடத்தும். மின்னியல் நோக்கில் உவர்நீர் சூழ்ந்த தீவு தனித்த தீவு ஆகாது. உவமையின் இக்குறை, அவ்வுறுப்பு எவ்விடத்தில் தவறுகின்றதென்பதையே சுட்டி நிற்பதைப் பின்னர்க் காண்போம்.

3. யப்பானிய மொழியின் இரு சொற்கள்

யப்பானிய மொழியில் இவ்வுறுப்பின் பெயர் 'கைஷி'. முதலெழுத்தைக் 'கங்கை' என்னும் சொல்லின் இரண்டாம் ககரம்போல் மெலிந்தொலித்தல் வேண்டும். இச்சொல் இரு சீன எழுத்துகளால் ஆயது. முதலெழுத்தாகிய 'கை' தடுத்தல், இடையூறாதல் என்று பொருள்படும். அவ்வெழுத்தின் இடப்பக்கத்தே கல்லைக் குறிக்கும் உறுப்பு உள்ளது. வழியிலே கிடந்து தடுக்கும் கல்லை அது நினைவூட்டுகின்றது. இரண்டாம் எழுத்தாகிய 'ஷி' குழந்தை என்னும் பொருளது. கலைச்சொற்களின் இறுதியில் வரும்போது சிறு பொருள், கூறு, உறுப்பு என்னும் பொருளைத் தரும். அணுவைக் குறிக்கும் 'கென்ஷி', மூலக்கூற்றைக் குறிக்கும் 'புன்ஷி', இலத்திரனைக் குறிக்கும் 'தென்ஷி', மின்முனையைக் குறிக்கும் 'தன்ஷி' என்பனவெல்லாம் இவ்வீறு பெற்றவையே. ஆகவே கைஷி என்பதற்குத் 'தடுப்புறுப்பு' என்பது நேர்ப்பொருளாகும்.

மின்னைக் கடத்தாத பொருளைப் பொதுவகையாற் குறிப்பதற்கு யப்பானியர் வேறொரு சொல்லை வழங்குவர். அது 'ஸெத்சுஎன்தாய்'. இதில் 'ஸெத்சு' என்பது அறுத்தல்; 'என்' என்பது தொடர்பு; 'தாய்' என்பது உடல் அல்லது திண்பொருள். தொடர்பறுத்த பொருள் என்பது இதன் கருத்து. கடத்தியைத் 'தோதாய்' என்றும், குறைகடத்தியை, பாதிக்கடத்தி என்னும் கருத்திலே, 'ஹன்தோதாய்' என்றும் அவர்கள் வழங்குதலால் இச்சொற்கள் ஒரு வரிசையாய் நிற்கின்றன. பீங்கான், கண்ணாடி, இறப்பர், வறண்ட மரம் யாவும் ஸெத்சுஎன்தாய். ஆனால் கம்பத்தின் மேல் தாங்கித் தடுக்கும் உறுப்பாக ஆக்கப்பட்டது மாத்திரமே கைஷி.

இவ்விரு சொற்களின் எழுத்துகளும் பௌத்த நூல்வழக்கோடு தொடர்புடையன. தொடர்பு என்னும் பொருளதாகிய 'என்', பௌத்தம் கூறும் சார்பிற்றோற்றத்தைக் குறிக்கும் தொடரில் வரும் எழுத்து. மணிமேகலை 'சார்பு' என்னும் தமிழ்ச் சொல்லாற் குறிக்கும் கருத்தும் அதுவே. தடுத்தல் என்னும் பொருளதாகிய 'கை', ஏழாம் நூற்றாண்டில் சுவான்சாங் சீனத்தில் மொழிபெயர்த்த இருதய சூத்திரத்திலே 'ஆவரணம்' என்னும் வடசொல்லுக்கு ஈடாக வரும் சொல்லிற் காணப்படுகின்றது. ஆவரணம் என்னும் சொல் தமிழிலும் வழங்குவது. தடை, மறைப்பு என்றும், காப்பு, மதில் என்றும் அது பொருள்படும். தடுப்பதும் காப்பதும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதற்கு இச்சொல்லே சான்றாகும்.

4. எழுத்து நீங்கினும் சொல் நின்றமை

யப்பானில் தந்தி பரவத் தொடங்கிய 1870 ஆம் ஆண்டளவில், மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அரித்தா என்னும் ஊரில் பீங்கான் கைஷிகள் செய்யப்பட்டன. 1919 ஆம் ஆண்டில் நகோயா நகரில் பீங்கான் பாத்திர நிறுவனம் ஒன்றினின்று பிரிந்து 'நிப்பொன் கைஷி' என்னும் நிறுவனம் தோன்றிற்று. மின்பொறியைத் தரும் செருகிகளைச் செய்யும் பகுதி 1936 ஆம் ஆண்டில் அதனின்று தனி நிறுவனமாகப் பிரிந்தது. நம் ஊர்களிலே மோட்டார்ச் சைக்கிளையும் படகின் வெளியிணைப்பு இயந்திரத்தையும் திருத்துவோர் நன்கறிந்த 'என்.ஜி.கே.' என்னும் குறியின் நடுவெழுத்து, கைஷி என்னும் சொல்லின் முதலெழுத்தேயாகும். அச்செருகியின் நடுவிலுள்ள வெண்ணிறப் பகுதியும் ஒரு மின்காப்புறுப்பே என்பது கருதத்தக்கது. இங்ஙனம் இச்சொல், பொருளறியப்படாமலே, வாவிக்கரை வரை வந்து வழங்குகின்றது.

1946 ஆம் ஆண்டில் யப்பானிய அரசு பொதுவழக்கிற்குரிய சீன எழுத்துகளை 1850 என வரையறுத்தபோது, தடுத்தலைக் குறிக்கும் எழுத்து அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1981, 2010 ஆகிய ஆண்டுகளின் பட்டியல்களிலும் அது சேர்க்கப்படவில்லை. ஆதலின் கைஷி என்பதை ஒலியெழுத்தாலேயே பெரிதும் எழுதலாயினர்; மேற்குறித்த நிறுவனமும் 1986 ஆம் ஆண்டில் தன் பெயரை அவ்வாறே எழுதத் தொடங்கிற்று. உடற்குறையைக் குறிக்கும் சொல்லிலும் இவ்வெழுத்து முன்னர் வழங்கியது. அதனிடத்தை ஒத்த ஒலியுடையதும் 'தீங்கு' என்று பொருள்படுவதுமாகிய வேறோர் எழுத்து பற்றிக்கொண்டது. மாந்தரைத் தீங்கோடு தொடர்புறுத்தும் அவ்வெழுத்து தகாதென்றும் பழைய எழுத்தே வேண்டுமென்றும் வாதிடுவோர் அந்நாட்டில் உளர். எழுத்து மாறின் கருத்தும் மாறும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு. கைஷி என்னும் சொல்லுக்கு அத்தகைய ஊறு நேரவில்லை. தொழிலாளர் வாயில் அது உறுப்பின் பெயராய் வேரூன்றிவிட்டமையே அதற்குக் காரணம் எனலாம்.

இன்னொரு சிறப்பும் நோக்கற்பாலது. கண்ணாடியாலும் சிலிக்கன் இறப்பராலும் இவ்வுறுப்புகள் பின்னர் ஆக்கப்பட்டன. அவையும் கைஷி என்றே பெயர் பெறுகின்றன. பெயர் தொழிலைப் பற்றியதாதலின் பொருள் மாறியும் பெயர் மாறவில்லை.

5. தமிழில் வழங்கும் சொற்கள்

தமிழில் அறிவியற் சொல்லாக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் பணி யாவரும் அறிந்தது. 1936 ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், மட்டக்களப்புத் தமிழகத்தின் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டம் பெற்றவரும் அறிவியலாசிரியராய்ப் பணியாற்றியவருமாகிய அவருக்கு, சொல்லும் பொருளும் ஒருங்கறிந்தே சொல்லாக்குதல் வேண்டும் என்பது இயல்பான நெறியாயிற்று. அம்முயற்சியின் பயனாக 1938 ஆம் ஆண்டில் கலைச்சொற்கள் நூல் வெளிவந்தது. இலங்கையில் 1950களிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது.

ஈழத்துப் பாடநூல்கள் மின்னைக் கடத்தாததைக் 'காவலி' என்கின்றன. தமிழ்நாட்டில் 'மின்கடத்தாப் பொருள்', 'மின்காப்பான்', 'அரிதிற் கடத்தி' என்னும் சொற்கள் வழங்கியுள்ளன. இவற்றுள் 'கடத்தாப் பொருள்' என்பது எதிர்மறையால் அமைந்து பொருளின் இயல்பைக் கூறுவது. யப்பானியரின் ஸெத்சுஎன்தாய்க்கு இணையானது. 'காவலி' என்பது 'காவல்' என்னும் பெயரோடு இகர விகுதி சேர்ந்தமைந்தது. இவ்விகுதி வினைமுதலையும் கருவியையும் உணர்த்த வல்லது. கடத்தி, உருகி, ஆளி, தடையி, கொள்ளளவி என ஈழத்து மின்னியற் சொற்கள் பலவும் இவ்விகுதியால் முடிந்து, யப்பானிய 'ஷி' ஈறு போல் ஒரு குடும்பமாய் நிற்கின்றன. காப்பதைச் செய்வது காவலி. இஃது இயல்புப் பெயர் அன்று. தொழிற்பெயரின் வழிவந்த கருவிப் பெயர்.

ஆயினும் நம் பாடநூல் வழக்கில் பொருளும் உறுப்பும் ஆகிய இரண்டனையும் காவலி என்னும் ஒரே சொல் சுமக்கின்றது. 'இறப்பர் ஒரு காவலி' என்னும்போது அது பொருளைக் குறிக்கின்றது; 'கம்பத்திலுள்ள காவலி' என்னும்போது உறுப்பைக் குறிக்கின்றது. பேச்சு வழக்கிற் 'பீங்கான்' என்று கூறுவதும் உண்டு. ஆனால் உணவுண்ணும் தட்டுக்கும் அதுவே பெயராதலாலும், கண்ணாடியாலும் சிலிக்கன் இறப்பராலும் ஆயவற்றுக்கு அது பொருந்தாமையாலும் கலைச்சொல்லாதற்கு அது தகுதியுடையதன்று.

6. வாவிக்கரை தரும் சான்று

இருவேறு கருத்தை ஒரு சொல் சுமப்பதால் வருங்கேடு யாது என வினவலாம். அதற்கு விடை எழுவான்கரையிலேயே உள்ளது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே நீளும் இவ்வொடுங்கிய நிலத்தில் ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் உள்ளன. இவ்வழியே செல்லும் மின்கம்பிகள் கடலுக்கு அணித்தாகவே செல்கின்றன. கடலலை உடையுந்தோறும் எழும் நுண்ணிய நீர்த்துளிகளைக் காற்று ஏந்திவருகின்றது. நீர் ஆவியாக, உப்பு காவலிகளின் மேற்பரப்பிற் படிகின்றது. வடகீழ்ப் பருவமழை கடுமையாகப் பெய்யும் மாதங்களில் இவ்வுப்புக் கழுவப்படும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களிலோ மழை அரிதாதலின், உப்பும் தூசியும் நாளடைவில் ஏடாகப் படிந்துவிடும்.

உலர்ந்த உப்பேடு பெருந்தீங்கு விளைப்பதில்லை. பனியோ மென்தூறலோ அதனை நனைக்கும்போதே இடர் தொடங்குகின்றது. நனைந்த உப்பேடு மின்னைக் கடத்தும். அதன் வழியே கசியும் மின் அவ்வேட்டைச் சூடாக்கிச் சில இடங்களில் உலரச்செய்யும். உலர்ந்த ஒடுங்கிய வளையங்களின் குறுக்கே முழு அழுத்தமும் வந்து விழுதலால் அங்குச் சிறு பொறிகள் எழும். அவை நீண்டு ஒன்றோடொன்று இணையின், கம்பியிலிருந்து இரும்புச் சட்டம் வரை மேற்பரப்பின் வழியே மின்வில் பாயும், வழங்கலும் தடைப்படும். கடுமழை தராத இடரை மென்தூறல் தருவது இதனாலேயே. கடுமழை கழுவும், தூறல் கழுவாது நனைக்கும்.

இந்நிகழ்ச்சியிற் பீங்கானின் இயல்பு சிறிதும் மாறவில்லை என்பது உற்று நோக்கற்பாலது. பீங்கான் அப்போதும் கடத்தாப் பொருளே. தவறியது உறுப்பின் தொழில். யப்பானியச் சொற்களாற் கூறின், ஸெத்சுஎன்தாய் கெடவில்லை, கைஷி தோற்றது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதனை மாணவர்க்கு விளக்குவது அரிது. 'காவலி மின்னைக் கடத்தாது' என்று மனனம் செய்த மாணவன், கம்பத்திலுள்ள காவலி எக்காலத்தும் எந்நிலையிலும் மின்னைத் தடுக்கும் என்று கொள்ளக்கூடும். ஈரமான கம்பத்தையோ அதன் இழுவைக் கம்பியையோ தொடுதல் ஆகாது என்னும் எச்சரிக்கையின் காரணம் அவனுக்கு விளங்காது போகும். சொல்லிலுள்ள குழப்பம் உயிருக்கு இடராய் முடியக்கூடிய இடம் இது.

உறுப்பின் வடிவத்துக்கும் காரணம் இதுவே. கம்பியிலிருந்து சட்டம் வரை மேற்பரப்பின் வழியே அளக்கப்படும் நீளம் எவ்வளவு மிகுகின்றதோ அவ்வளவுக்கு மின்கசிவு குறையும். குடையை அடுக்கினாற் போன்ற மடிப்புகள் இந்நீளத்தை மிகுவிக்கின்றன; அடிப்பகுதி மழையில் நனையாதவாறும் காக்கின்றன. சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1986 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, சூழலின் மாசினை நான்கு படிகளாக வகுத்து, ஒரு கிலோவோற்றுக்கு முறையே 16, 20, 25, 31 மில்லிமீற்றர் மேற்பரப்பு நீளம் வேண்டும் என்றது. அவ்வழிகாட்டி பின்னர்த் திருத்தப்பட்டதெனினும் இவ்வளவுகள் நிலைமையை உணர்த்தப் போதியவை. இலங்கையில் வழங்கும் 33 கிலோவோற்று வழிகளின் உச்ச அழுத்தத்தை 36 எனக் கொண்டால், மாசு குறைந்த உள்நாட்டில் 576 மில்லிமீற்றர் போதும். மாசு மிகுந்த கடற்கரையிலோ 1116 மில்லிமீற்றர் வேண்டும். பொருள் ஒன்றே, அழுத்தமும் ஒன்றே. ஆயினும் இடம் மாறின் உறுப்பு ஏறத்தாழ இருமடங்கு நீளமான பரப்பைப் பெறவேண்டியதாகின்றது. சிலிக்கன் இறப்பர் கரையோரத்துக்கு ஏற்றதெனக் கருதப்படுவதும், அதன்மேல் நீர் ஏடாகப் பரவாது துளிதுளியாகப் பிரிந்து நிற்பதனாலேயே.

தீவு நாடாகிய யப்பானும் இவ்விடரை நன்கறியும். உப்பினால் விளையும் இக்கேட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் 'என்கை', அதாவது உப்புத்தீங்கு. 2018 ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியில் வீசிய சூறாவளி கடலுப்பை நிலத்தின் மேல் இறைத்துச் சென்றது. சில நாள்கள் கழித்து, ஒற்றோபர் 5 ஆம் நாளில், தோக்கியோவையும் சீபாவையும் இணைக்கும் கெய்செய் இரயில் நிறுவனத்தின் வழிகள் உப்புத்தீங்கினால் மின்னின்றி நின்றன. சூறாவளி நாளினும் அதன் பின்னாளே கேடு தந்தமை கருதத்தக்கது.

7. முடிவு

மேற்கூறியவற்றால் நான்கு நோக்குகள் பெறப்படுகின்றன. இலத்தீன் வழிச்சொல் பிரித்துத் தீவாக்குதலையும், யப்பானியரின் ஸெத்சுஎன்தாய் தொடர்பறுத்தலையும், கைஷி தடுத்தலையும், தமிழ்க் காவலி காத்தலையும் முதன்மையாகக் கொள்கின்றன. இவற்றுள் காவலி என்பதற்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. இயல்பு தவறுவதில்லை, காவல் தவறக்கூடும். காவலன் விழிப்போடிருத்தலும் அவனை மேற்பார்த்தலும் வேண்டப்படுவன போல, காவலியும் கழுவப்படுதலும் சோதிக்கப்படுதலும் வேண்டும் என்பதை அச்சொல்லே குறிப்பாய் உணர்த்துகின்றது.

ஆகவே புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவை நமக்கில்லை. நம்மிடமுள்ள இரு சொற்களுக்கும் எல்லை வகுத்தலே வேண்டப்படுவது. மின்னைக் கடத்தாத பொருள்களைப் பொதுவகையால் 'கடத்தாப் பொருள்' என்றும், அப்பொருளால் ஆக்கப்பட்டுக் கம்பியைத் தாங்கிக் காக்கும் உறுப்பை மாத்திரம் 'காவலி' என்றும் வழங்குதல் தகும். அவ்வாறாயின் 'பீங்கான் கடத்தாப் பொருள். அதனாலாய காவலி உப்பும் ஈரமும் சேர்ந்தவிடத்துத் தவறக்கூடும்' என்று எழுதுதல் இயலும். இவ்வாக்கியத்தை ஐயமின்றிப் பொருள்கொள்ளும் மாணவன் மின்னியலின் ஓர் அடிப்படை உண்மையை அறிந்தவனாவான். பாடநூல் ஆக்குவோரும் சொற்றொகுதிகளைத் திருத்துவோரும் இதனைக் கருத்திற்கொள்வாராக.